படியில்லாத வீடு

அக்டோபர் 9, திங்கள்

காலையில் பிச்சி பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டது. சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாற்பத்திரண்டு படி. தினமும் ஆறு மணிக்கு இருவரும் இறங்கி, தபால் நிலையம் வரை நடந்துவிட்டு ஏறி வருவோம். இன்று இருபதாவது படி வரை வந்தது. பிறகு பின்புறத்தை ஈரத்திலேயே வைத்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. திரும்பி ஏறவும் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அதன் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்குத் தாமதம். முதல் பாடவேளை பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல். பிள்ளைகள் என் புடவையின் பின்பக்க ஈரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

குன்னூரில் மழை நான்கு நாளாக விடவில்லை. குளிருக்குத்தான் அடம் பிடிக்கிறது போல.

ஹெப்சி அக்கா இருந்தால் "ஏட்டி, எந்திரி" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பார். எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை; அவர் அதட்டினால் மைதானமே எழுந்து நிற்கும். பத்தொன்பது வருடமாக இந்த வீட்டில் அவரும் நானும்தான். பிச்சியும் அவர் தூக்கிக்கொண்டு வந்த குட்டிதான். வந்த ஒரே வாரத்தில் வீட்டிலிருந்த செருப்பையெல்லாம் பிய்த்துப் போட்டதால் பிச்சி. மே மாதம் அக்கா ஓய்வு பெற்றார். ஜூன் இரண்டாம் தேதி பாளையங்கோட்டைக்குப் போனார். அவர் அண்ணனுக்கு வாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. அண்ணி முன்பே தவறிவிட்டார். "ரெண்டு மாசம் மங்கை. ஒரு ஆள ஏற்பாடு பண்ணிட்டு வந்துருதேன்" என்றார்.

இன்றோடு நான்கு மாதம் ஏழு நாள். நான் எண்ணவில்லை. நாட்காட்டி எதிரிலேயே மாட்டியிருக்கிறது.

அக்டோபர் 11, புதன்

பிச்சி இன்று படிப் பக்கமே வரவில்லை. கொல்லையில் ஹைட்ரேஞ்சா செடிக்கு அடியில் வேலையை முடித்துக்கொண்டது.

அக்டோபர் 14, சனி

கீழே ஆட்டோ நிறுத்தத்தில் போஜன் இருக்கிறார். படுகர், ஐம்பது வயதுக்கு மேல், இளமையில் தேயிலை மூட்டை சுமந்த தோள். அவர்தான் பிச்சியைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். முப்பத்தாறு கிலோ. "டீச்சர், இது நாயா கன்னுக்குட்டியா?" என்றார்.

கால்நடை டாக்டர் ரஹ்மத் நிஷா பிச்சியைப் பத்தடி நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு படுக்கவைத்து, பின்னங்காலை மெல்ல நீட்டினார். பிச்சி கத்தவில்லை. தலையைத் திருப்பி அவர் கையை நக்கியது.

"ஓடும்போது முயல் மாதிரி ரெண்டு பின்னங்காலையும் சேர்த்து வைக்குதா?"

"ஆமாங்க. சின்னதுல இருந்தே அப்படித்தான். அழகா இருக்கும்."

டாக்டர் எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார். கோவைக்குப் போக வேண்டும்.

அக்டோபர் 21, சனி

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, மூன்று மணிக்கு மறுபடி டாக்டரிடம். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எத்தனையோ வருடம் வகுப்பில் வேரையும் தண்டையும் குறுக்காக வெட்டிக் காட்டியவள் நான். என் வீட்டு நாயின் உள்ளே இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

"இடுப்புக் குழி கிண்ணம் மாதிரி ஆழமா இருக்கணும் மேடம். இதுக்குத் தட்டு மாதிரி இருக்கு. தொடையெலும்போட உருண்டை அதுல நிக்காம வழுக்கி வழுக்கி, ஓரமெல்லாம் தேஞ்சு போச்சு. இது பிறவியிலேயே வந்தது."

"அப்ப இத்தனை வருஷமா வலிச்சிருக்குங்களா?"

"வலிச்சிருக்கும். நாய் காட்டிக்காது. வாலை ஆட்டிக்கிட்டே தாங்கிக்கும்."

குணமாகாது. ஆனால் வலியில்லாமல் வைத்திருக்கலாம். எட்டுக் கிலோ குறைய வேண்டும். வழுக்கும் தரை கூடாது, குதிக்கக் கூடாது, குளிர் கூடாது. ஒரேயடியாக நடக்காமல் நாலைந்து தடவையாகக் கொஞ்சம் கொஞ்சம் நடக்க வேண்டும், அதுவும் சமதரையில். பத்து நாளைக்கு வலி மருந்து. பிறகு ரத்தம் பார்த்துவிட்டுத் தொடர்வார். இன்னும் ஏதேதோ சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளவில்லை.

"வீட்டுக்குப் படி எத்தனை?" என்று கேட்டார்.

சொன்னேன். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

அக்டோபர் 22, ஞாயிறு

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஹெப்சி அக்கா கூப்பிடுவார். ஐந்தேமுக்காலுக்கே பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிடுவேன். வேறு வேலை இருப்பதில்லை.

"என்னட்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மழைக்கா. சளி."

"பிச்சி?"

"கொஞ்சம் நொண்டுது. டாக்டர் மருந்து கொடுத்திருக்காங்க."

"அந்தக் குளிருக்கு எனக்கே முட்டி பிடிச்சுக்கிடும். அது பாவம், வாயில்லாத சீவன். இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. அண்ணன் இப்ப கம்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு எட்டு எடுத்து வைக்கான்."

போனைப் பிச்சியின் காதருகே வைத்தேன். அக்கா ஏதோ கொஞ்சினார். பிச்சி முன்னங்கால்களை ஊன்றி, பின்புறம் நடுங்க, மூன்று முறை முயன்று எழுந்து வாசலுக்குப் போய் நின்றது. படியைப் பார்த்துக்கொண்டே நின்றது. வெகுநேரம்.

"பிச்சி உங்களை ரொம்பத் தேடுதுக்கா" என்றேன்.

"நீ எப்படி இருக்க மங்கை?"

நன்றாக இருக்கிறேன் என்றேன். எக்ஸ்ரேயைப் பற்றிச் சொல்லவில்லை. அண்ணனைப் பார்ப்பாரா, இதைப் பற்றிக் கவலைப்படுவாரா?

நவம்பர் 3, வெள்ளி

சிவப்புத் தரையில் பிச்சி நடக்கும் இடமெல்லாம் சாக்கு விரித்துத் தைத்துவிட்டேன். சமையலறையிலிருந்து கொல்லை வரை சாக்குப் பாதை. தண்ணீர்க் கிண்ணத்தை முக்காலிமேல் வைத்தேன், குனிய வேண்டாமே என்று. பழைய துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் பின்னங்கால்களுக்குப் பாரம் குறைகிறது. அப்படியே கொல்லையில் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து முறை. மதிய இடைவேளையில் பள்ளியிலிருந்து ஓடி வருகிறேன். ஏறி இறங்கி என் முட்டியும் பேச ஆரம்பித்துவிட்டது.

சோற்றைப் பாதியாகக் குறைத்து, வேகவைத்த பூசணியும் பீன்சும் சேர்க்கிறேன். சாப்பிட்டுவிட்டு வெறும் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஹெப்சி அக்காவின் அறைதான் வீட்டில் சூடானது. சமையலறைப் புகைபோக்கி அந்தச் சுவரில் போகிறது. பிச்சியின் படுக்கையை அங்கே மாற்றினேன். அது தனியாக இருக்கக் கூடாதென்று என் தலையணையையும் அங்கே கொண்டுபோனேன். அக்காவின் கட்டிலில் படுத்தால் மலைச்சரிவு தெரிகிறது. இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. காலையில் யாரோ படியடியில் சரவெடி வைத்தார்கள். பிச்சி மிரண்டு எழுந்து கட்டிலுக்கு அடியில் நுழையப் போய், சாக்கு இல்லாத மூலையில் இரண்டு பின்னங்கால்களும் அகன்று வழுக்கி விழுந்தது. அப்படி ஒரு சத்தத்தை அதனிடமிருந்து நான் கேட்டதில்லை.

பத்து நாள் மருந்து தீர்ந்து பன்னிரண்டு நாளாகிறது. ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் போக வேண்டும் என்று தள்ளிப் போட்டுவிட்டேன். டாக்டர் தங்கை திருமணத்துக்குத் திண்டுக்கல் போயிருக்கிறாராம், வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று மருந்தகத்தில் சொன்னார்கள். அவர் எண்ணைக் கொடுத்தார்கள். பண்டிகை நாளில், கல்யாண வீட்டில் எப்படித் தொந்தரவு செய்வது?

அக்கா கூப்பிட்டார். சுற்றிலும் வெடிச்சத்தம், ஒன்றும் கேட்கவில்லை என்று சீக்கிரம் வைத்துவிட்டேன்.

நவம்பர் 13, திங்கள்

மாத்திரை கொடுத்தேன். மாலையில் கொல்லைக்குத் தானாக நடந்து போனது.

நவம்பர் 14, செவ்வாய்

பள்ளியில் குழந்தைகள் தின விழா. நான் மாறுவேடப் போட்டிக்கு நடுவர். இன்றும் கொடுத்தேன். வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது.

நவம்பர் 15, புதன்

சாப்பிடவில்லை. பூசணி அலுத்திருக்கும்.

நவம்பர் 16, வியாழன்

காலையில் வாந்தி. காப்பித்தூள் போல. மலம் தார் நிறத்தில். ஈறு வெளுத்துவிட்டது. டாக்டரை அழைத்தேன், நேற்றே திரும்பிவிட்டாராம். போஜன் படியில் ஓடி வந்தார், பேசாமல் தூக்கினார்.

"என்ன கொடுத்தீங்க?" டாக்டரின் முதல் கேள்வி.

"ஒண்ணும் இல்லைங்க. பூசணிதான்."

"மேடம், என்ன கொடுத்தீங்க?"

சொன்னேன். ஹெப்சி அக்காவின் அலமாரியில் அவர் முட்டிவலிக்கு வாங்கிய மாத்திரைப் பட்டை ஒன்று பாதி மிச்சமிருந்தது. தினம் அரை மாத்திரை, மூன்று நாள். நேற்றும் கொடுத்தேன், சாப்பிடாத வயிற்றில் கொடுத்தேன். நேற்று அதை இங்கே எழுதவில்லை.

"அன்னைக்கே சொன்னேனே? நமக்குப் போடற வலி மாத்திரை இதுங்களுக்கு விஷம்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னார். அக்டோபர் இருபத்தொன்று, எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அந்த நேரத்தில் நான் வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் படி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரைப்பையில் ரத்தம் கசிகிறது. முன்னங்காலில் முடியை மழித்து ஊசி போட்டு, பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இந்த நாய் என்னை ஏன் இன்னும் நக்குகிறது?

நவம்பர் 17, வெள்ளி

விடுப்பு. பிச்சி எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 18, சனி

தண்ணீர் குடித்தது. நான்கு வாய்.

நவம்பர் 19, ஞாயிறு

ஆறு மணிக்கு அக்கா கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஆறேகாலுக்குக் கூப்பிட்டார். ஆறரைக்கு. ஏழுக்கு. ஒன்பது வரை கூப்பிட்டார்.

நவம்பர் 21, செவ்வாய்

பிச்சி வீட்டுக்கு வந்துவிட்டது. சிறுநீரகம் தப்பித்தது, பெரிய விஷயம் என்றார் டாக்டர். இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. இப்படியா இறங்க வேண்டும்? இரைப்பை ஆறும்வரை வலிக்கு ஒத்தடம் மட்டும். பிறகு நாய்க்கான மருந்து, அவர் கையால்தான் தருவாராம்.

"இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தப் படி வீட்டை விட்டுடுங்க. ஒவ்வொரு தடவையும் ஆள் வச்சுத் தூக்கிட்டு இருக்க முடியாது. கீழ இறங்க முடியாத நாய் நாலு சுவத்துக்குள்ள மரத்துப் போயிடும்."

போஜன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏறும்போது இருபதாவது படியில் மூச்சு வாங்க நின்று, "சந்தைக்குப் பின்னாடி என் மச்சான் வீடு ஒண்ணு காலி ஆகுது டீச்சர். ரோட்டோட ரோடா இருக்கும். படியே கிடையாது" என்றார்.

பார்க்கலாம் என்றேன். அக்கா வரும்போது இந்த வீடு இருக்க வேண்டாமா?

நவம்பர் 26, ஞாயிறு

நானே கூப்பிட்டேன், ஐந்தரைக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே, தீபாவளி, மாத்திரை, மூன்று நாளும். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

அக்கா குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "என் மாத்திரையவா குடுத்த?" என்றார்.

"ஆமாக்கா."

"ஏ பிள்ளை... நான் அதை எடுத்துட்டு வந்திருக்கணும். தூக்கி எறிஞ்சிரு. அந்த அலமாரில கெடக்க எல்லாத்தையும் எறி. எதுக்கு அப்படியே வச்சிருக்க?"

முந்தானையால் மூக்கைத் துடைத்தேன்.

"சரி, அழாத. நானும் ஒண்ணு சொல்லணும் மங்கை. நாலு மாசமா சொல்லாம வச்சிருக்கேன்." அவர் குரல் தாழ்ந்தது. "இங்க பக்கத்து ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளையளுக்கு கோ-கோ சொல்லிக் குடுக்கக் கூப்புட்டாவ. ஆகஸ்ட்லேருந்து போய்க்கிட்டுதான் இருக்கேன். அண்ணனும் நான் இல்லன்னா மருந்தே குடிக்க மாட்டேங்கான். இனிமே அங்க..." நிறுத்தினார். "உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல."

"நல்லதுதானேக்கா" என்றேன். "பிள்ளைங்க கொடுத்து வச்சவங்க."

டிசம்பர் 9, சனி

போஜனின் மச்சான் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். வாசல் நேராகச் சாலையோடு இருக்கிறது. பின்பக்கம் காய்கறித் தோட்டத்தை ஒட்டி நீளமாக ஒரு சமதரை, புல் முளைத்த மண். காலை வெயில் விழுகிறது. சிமெண்டுத் தரை சொரசொரப்பாக இருக்கிறது, வழுக்காது. ஒரே அறை, ஒரு சமையலறை.

முன்பணம் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து நாற்பத்திரண்டு படியும் ஏறி, வாசலில் வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.

டிசம்பர் 11, திங்கள்

அரையாண்டுத் தேர்வு. மேற்பார்வை. பிச்சிக்குப் புது மருந்து தொடங்கியது. அக்கா சாமான்களைக் கட்ட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கிறிஸ்துமஸ் முடிந்து. அண்ணனை மூன்று நாள் பார்த்துக்கொள்ள ஒருவர் வருகிறாராம்.

டிசம்பர் 28, வியாழன்

வந்தார்.

நான் சாலைக்கு இறங்கி நின்றேன். பேருந்திலிருந்து பையோடு இறங்கியவர் முடி வெட்டியிருந்தார், வெயிலில் கறுத்திருந்தார், மெலிந்திருந்தார். என்னைப் பார்த்து, "என்ன மங்கை, பாதியாப் போயிட்ட?" என்றார். பையை வாங்கிக்கொண்டேன். ஏறும்போது பத்துப் படிக்கு ஒருமுறை முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பெல்லாம் நான்தான் நிற்பேன்.

முப்பதாவது படியில் அவர் இருமினார். மேலே வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. கதவைத் திறந்தபோது பிச்சி சாக்குப் பாதையில் பாதி தூரம் வந்திருந்தது, பின்புறம் ஒரு பக்கம் சாய, வால் மறுபக்கம் சாய. ஓட முயன்றது.

"ஏட்டி, ஓடாத! நில்லு! நான் வாரேன்!" அக்கா முட்டியைப் பற்றி நினைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, தவழ்ந்து போனார். பிச்சி அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகியது, முனகியது, நிறுத்தவே இல்லை. "உனக்கு என்னட்டி குறை வச்சோம்? எங்கடி வலிக்கி? சொல்லக்கூடாதா? ஒன்பது வருசமா சொல்லாம வச்சிருந்தியே கள்ளி."

நான் காப்பி போடப் போனேன். அங்கே நிற்க முடியவில்லை.

டிசம்பர் 29, வெள்ளி

அக்கா பிச்சிக்குப் பயிற்சி கொடுக்கிறார். டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டுதான். மூன்று கம்பைத் தரையில் ஒரு சாண் இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்கவைக்கிறார். காலைத் தூக்கி வைக்க மூட்டு பழகுமாம். பிறகு உட்கார், எழு, உட்கார். ஐந்து முறை. ஐந்துக்கும் ஒரு துண்டு கேரட். முடிந்ததும் உப்பை வறுத்துத் துணியில் கட்டி, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு இடுப்பில் ஒத்தடம். தொடைச் சதையை விரலால் வட்டமாக நீவுகிறார். "பாரு மங்கை, சதை வத்திப் போச்சு. மூட்டு போனா போவுது, சதை தாங்கும். அண்ணனுக்கும் இதத்தான் செய்யுதேன்."

என் கையைப் பிடித்து எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டினார்.

கற்றுக்கொள்ள வெகுநேரமாயிற்று. எனக்குக் கொஞ்சம் மந்தம்.

டிசம்பர் 30, சனி

இரண்டு பெட்டி, ஒரு மூட்டை கோப்பைகளும் சான்றிதழ்களும். பத்தொன்பது வருடம் அவ்வளவுதான். கடைசியில் கட்டில்.

"இத யாருக்காவது குடுத்துரு."

"புது வீட்டுல ஓரமா போட்டா இடம் இருக்கும்கா."

"ஒரே ரூமுன்னுல்லா சொன்ன?"

"பிச்சி இந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல படுத்துப் பழகிருச்சு."

அக்கா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

"எல்லாத்துக்கும் பிச்சியவே சொல்லுத. பிச்சி தேடுது. பிச்சி வாசல்ல போயி நிக்குது. பிச்சிக்கு உங்க குரல் கேக்கணும். ஏழு மாசமா நாய் பேசுதாப்புல இருக்கு. நீ என்ன செய்யுத மங்கை? உனக்கு என்ன வேணும்? ஒரு நாளாவது அதச் சொல்லேன்."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

அடுப்பில் பால் இல்லை. அவருக்கும் தெரியும்.

டிசம்பர் 31, ஞாயிறு

போய்விட்டார். வேனில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, போஜனிடம், "டீச்சரப் பாத்துக்கிடுங்க" என்றார். நாயைப் பாத்துக்கிடுங்க என்று சொல்வார் என்று நினைத்தேன்.

கட்டில் இருக்கிறது. பேச்சு அதற்கு மேல் போகவில்லை.

ஜனவரி 6, சனி

இடம் மாறினோம். பிச்சியைக் கடைசியாக ஒருமுறை போஜன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். "இனிமே என்னை மறந்துருவ" என்று அதன் காதில் சொன்னார்.

புது வீட்டில் இறக்கிவிட்டதும் கதவு நிலையை முகர்ந்தது, சமையலறையை முகர்ந்தது, திறந்திருந்த பின்கதவு வழியாக வெளியே போய்ச் சமதரையில் நின்றது. துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வேண்டியிருக்கவில்லை. முட்டைக்கோஸ் பாத்தி வரை போய், ஒரு கோழியைப் பார்த்து ஒருமுறை குரைத்துவிட்டு, தானாகத் திரும்பி வந்தது. மூன்று மாதத்தில் அது நினைத்த இடத்துக்குப் போய் நினைத்தபோது திரும்பியது இன்றுதான்.

இதைச் சொல்ல உடனே போனை எடுத்தேன். சனிக்கிழமை என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பிச்சிக்கு வெல்லம் போடாமல் இரண்டு கரண்டி.

ஜனவரி 20, சனி

எடை இருபத்தொன்பதரை. டாக்டர் ரஹ்மத் நிஷா பின்னங்காலை நீட்டி மடக்கிப் பார்த்தார்; தொடையில் சதை பிடித்திருக்கிறதாம். "யார் மசாஜ் பண்றது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "நல்ல கை" என்றார்.

எக்ஸ்ரேயில் இருப்பது அப்படியேதான் இருக்கிறது, மாறாது என்பதையும் சொன்னார். குளிர் நாளில் காலையில் எழ இன்னும் ஐந்து நிமிடம் எடுக்கிறது. முன்னங்காலை ஊன்றி, யோசித்து, ஒரு பக்கம் சாய்ந்து, எழுகிறது. நான் அவசரப்படுத்துவதில்லை. இப்போது வலித்தால் சொல்லவும் பழகிவிட்டது. ஒத்தடம் வேண்டுமென்றால் வந்து இடுப்பை என் காலில் சாய்த்து நிற்கிறது. ஒன்பது வயதுக்குமேல் அதற்கு அது வந்திருக்கிறது.

ஜனவரி 29, திங்கள்

நேற்று அக்காவிடம் இரண்டு நிமிடம்தான் பேசினேன். பிச்சி நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு சொல்ல எதுவும் இல்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

பிச்சிக்கு உடம்பு சரியில்லாதபோது எவ்வளவு பேசினோம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

காலையில் கட்டிலைப் போஜன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். அறையில் இடம் கிடைத்தது. பிச்சி தன் மெத்தையில் வெயில் விழும் பக்கம் தலைவைத்துத் தூங்கிற்று. அதற்குக் கட்டில் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது. பின்பக்கத் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"பிச்சி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காக்கா. தோட்டம் முழுக்கச் சுத்தறா. உங்க கட்டிலைக் கொடுத்துட்டேன்."

"நல்லது."

"அக்கா."

"சொல்லு."

"பிச்சி உங்களைத் தேடலை. டிசம்பர்ல நீங்க போனதும் ரெண்டு நாள் தேடினா, அவ்வளவுதான். இப்ப கோழி பின்னாடி போயிடறா." என் குரல் என்னுடையது மாதிரி இல்லை. "நான்தான் தேடறேன். நீங்க ஜூன்ல போனதுல இருந்து நான்தான் தேடறேன். அதுக்கு முன்னாடி நீங்க மைதானத்துல இருந்து வர லேட் ஆனாலும் தேடுவேன். வரச் சொல்லி இதைச் சொல்லலை. அண்ணனை விட்டுட்டு வர முடியாதுன்னு தெரியும். கேட்டீங்களே, என்ன வேணும்னு. நீங்க வேணும். அதைச் சொல்லணும்னு தோணுச்சு."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி காதில் வைத்தபோது மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மங்கை."

"ம்."

"தெருவுல ஒரு லாரி போச்சுட்டி. நீ சொன்னது சரியா கேக்கல. இன்னொருக்கா சொல்லு."

எனக்கு லாரிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

இன்னொரு முறை சொன்னேன்.